முதல் அரை நொடியில் வந்தவை

மற்ற வீடுகளில் பேச்சு முற்றினால்தான் கை நீளும். அந்த வீட்டில் முதலில் கை, அப்புறம்தான் என்ன ஏது என்ற விசாரணை. அப்பா அம்மாவை அடித்தார், அம்மா பிள்ளைகளை அடித்தாள், அக்கா தம்பியை அடித்தாள், தம்பி ஆளாகித் தெருவையே அடித்தான். அப்பா கடைசியாக அடித்தது சமையலறைச் சுவரை. விரல் இரண்டு முறிந்தது. அதே வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது அந்த அக்காவைப் பற்றிய கதை. நாற்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு, எட்டூருக்குக் கேட்கும் குரல். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை. ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ரத்தக்காரி'. அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. "ஆமா, ரத்தக்காரிதான். கைய நீட்டு" என்பாள்.

கல்யாணம் ஒன்று நடந்து முடிந்தும் போயிருந்தது. அந்தப் புருஷன் ஒருநாள் அவளைக் கதவு நிலையோடு சேர்த்து மோதித் தோள்பட்டை எலும்பை முறித்தான். செய்தி தம்பிக்குப் போனது. தம்பி வந்தான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து முழங்கை எந்தப் பக்கம் மடங்காதோ அந்தப் பக்கம் மடக்கினான். அந்தச் சத்தத்தை அவள் தரையில் கிடந்தபடி கேட்டாள். உண்மையைச் சொல்லிவிடுவோம்: அவளுக்கு அது இனித்தது. தம்பிமேல் அன்றைக்கு வந்த பாசம் பிறகு குறையவே இல்லை.

அவள் பொறுப்பில் இருந்த இயந்திரம் மூன்று வருடத்துக்கு முன் வந்தது. பெட்டி என்னவோ மேசை அகலம்தான், உயிர் இருப்பது உள்ளே விரல்நக அளவுள்ள ஒரு சிப்பில். அந்தச் சிப்பில் ஒளி போவதற்கென்று தலைமயிரில் நூறில் ஒரு பங்கு அகலத்துக்குப் பாதைகள் போட்டிருந்தார்கள். குறுக்கே இரத்தம் போவதற்கு ஒரு வாய்க்கால். நீர்த்த இரத்தத்தை அழுத்தம் கொடுத்து அதில் விரட்டினால் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும். கேமரா கிடையாது, பாதையில் வரும் ஒளியே ஒவ்வோர் அணுவையும் கோடு கோடாக வருடி முழுப் படமாகச் சேர்த்துக் கொடுத்துவிடும். நொடிக்கு ஒரு லட்சம் அணு. ஒருவருக்குப் பத்து நொடி ஓட்டினால் போதும், பத்து லட்சம் படம்.

ஆரம்பத்தில் அவளுக்கு அழுத்தத்தின் அளவு பிடிபடவில்லை. ஒரு திருகு கூடினால் வாய்க்காலின் வளைவில் அணுக்கள் நசுங்கிக் கிழிந்து சக்கையாக வந்து விழும். திரையில் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் திருகைத் தளர்த்துவாள். எவ்வளவு தள்ளினால் ஓடும், எவ்வளவு தள்ளினால் உடையும் என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். அதை அவள் வீட்டில் யாரும் கற்றிருக்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவருடைய இரத்தம் ஓடி முடிந்ததும் வாய்க்காலை மூன்று தடவை கழுவவேண்டும். கழுவாவிட்டால் போனவருடைய அணுக்கள் வளைவில் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்தவருடைய இரத்தத்தோடு கலந்து வரும். கூடத்தில் அதற்கு 'எச்சில்' என்று பெயர். எச்சில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலையில் பாதி. கழுவுவது கையால், ஊசிக்குழலால். எத்தனை தடவை கழுவினோம் என்பது கழுவியவருக்கு மட்டுமே தெரியும்.

தம்பி ஒரு மதுக்கூடத்தின் வாசலில் காவலாள். குடித்துவிட்டு வம்பு செய்பவர்களை வெளியே தள்ளுவது வேலை. அடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் அவனுக்குக் கசக்குமா? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு லாரிக்காரன் வாசலில் தகராறு செய்தான். உள்ளே விடமாட்டேன் என்று இவன், போயே தீருவேன் என்று அவன். லாரிக்காரன் இவனுடைய அம்மாவை இழுத்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். அதற்குப்பின் லாரிக்காரன் மூக்கு உடைந்து தரையில் கிடந்தான். வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து, உடம்பின் பாதி இரத்தம் உள்ளேயே கொட்டியிருந்தது.

"ஒரே ஒரு தள்ளுதான் தள்ளினேன். படி தடுக்கி விழுந்தான்" என்று தம்பி போலீசில் எழுதிக் கொடுத்தான். பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மதுக்கூடத்துக்காரர்களுக்குத் தங்கள் கடை முக்கியம்; குடிக்க வந்தவர்களுக்கு அங்கே வந்ததே வீட்டுக்குத் தெரியக்கூடாது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், மண்ணீரல் நாலாகக் கிழிந்து கிடந்தது, அது முன்பு எந்த அளவில் இருந்தது என்று சொல்ல முடியாது என்று எழுதினார். உடம்பை எரித்தும் விட்டார்கள்.

தம்பிக்கு வாதாட வந்த வக்கீல் கெட்டிக்காரர். செத்தவன் ஆறு நாளைக்கு முன் காய்ச்சலென்று இரத்தம் கொடுத்திருக்கிறான், அறிக்கையை வாங்க வரவேயில்லை என்று கண்டுபிடித்தார். கொடுத்தது அக்காவின் ஜன்னலில். கூடத்துக்கு ஓடிவந்து அறிக்கையை வாங்கிப் படித்தவர் முகம் மலர்ந்துவிட்டது. இரத்தத்தில் பிஞ்சு அணுக்கள், நாற்பத்து மூன்று. எலும்புக்குள்ளே வளரவேண்டிய அணு இரத்தத்துக்கு வந்தால் பெரும்பாலும் புற்றுநோய்.

"அம்மா, உங்க தம்பி பொழைச்சான். இந்த நோய் இருந்தா மண்ணீரல் வீங்கி ஊதின பலூன் மாதிரி நிக்கும். லேசா தட்டினாலே போயிடும். கொலைன்னு நிக்காது. விபத்து. மிஞ்சினா ஒரு வருஷம்" என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் தானும் ஆடினாள். வக்கீல் போனதும், கோர்ட்டுக்குக் கொடுக்கப் பெரிதாக அச்செடுக்கலாம் என்று அந்த நாற்பத்து மூன்று படங்களையும் திறந்தாள்.

இயந்திரம் படங்களை வகைவாரியாகப் பிரித்து அடுக்கும். எந்த நேரத்தில் எது ஓடியது என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நேரம் பொடி எழுத்தில் இருக்கும். மிகத் தெளிவான பத்துப் படங்களைப் பொறுக்கியவளுக்கு அந்த எண்கள் கண்ணில் பட்டன. எல்லாம் முதல் அரை நொடி. மிச்சத்தையும் பார்த்தாள். நாற்பத்து மூன்றும் முதல் அரை நொடிக்குள். அதற்குப்பின் ஒன்பதரை நொடி, ஒன்பதரை லட்சம் அணு, ஒரு பிஞ்சு கிடையாது.

ஒருவன் உடம்பில் நோய் இருந்தால் அது பத்து நொடியிலும் பரவலாக வரும். முதலில் கொத்தாக வந்து நின்றுபோனால் அது எச்சில்.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. லாரிக்காரனுக்கு முன்னால் ஓடியது ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் இரத்தம், புற்றுநோய் வார்டிலிருந்து வந்தது. அதை ஓட்டி முடித்துக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடியைக் குத்தியவனே அந்த லாரிக்காரன்தான். "எவ்ளோ நேரம் நிக்கிறது? உள்ள தூங்கறியா?" என்று கத்தினான். "வாய மூடிட்டு நில்லு, இல்ல ஊசிய கண்ணுல போட்டுடுவேன்" என்று இவளும் கத்தினாள். அந்தக் கோபத்தில் ஒரு தடவை கழுவியதோடு விட்டுவிட்டு அவன் இரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் ஏற்றினாள். பதினாறு வருடத்தில் அவள் செய்த முதல் தப்பு. அதுவும் எவனுக்கு என்று பாருங்கள்.

ஆக, லாரிக்காரனுக்கு ஒரு நோயும் இல்லை. நல்ல உடம்பு. நல்ல உடம்பிலுள்ள மண்ணீரல் ஒரு தள்ளில் நாலாகக் கிழியாது.

தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து உட்கார்ந்தான். வக்கீல் சொன்னதைக் கேட்டு முகம் தெளிந்திருந்தது. அவள் சுற்றிவளைக்கத் தெரியாதவள்.

"அது அவன் ரத்தத்துல இருந்து வந்தது இல்லடா. என் தப்பு. சரியா கழுவல."

அவன் புரியாமல் பார்த்தான். விளக்கினாள்.

"சரி. இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்புறம் என்னக்கா? விட்டுடு."

"எத்தன தடவ மிதிச்ச?"

"தள்ளினேன்னு சொன்னேன்ல."

"என்கிட்டயே சொல்றியா? நான் உன்கூட வளந்தவ. எத்தன தடவ?"

அவன் நெற்றியால் வலையை ஓங்கி முட்டினான். காவலர் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் வலையின் கட்டம் பதிந்து சிவந்தது.

"உன் புருஷன் கைய மடக்கினப்போ நான் என்ன கேட்டேன்? எத்தன தடவ அடிச்சான்னு கேட்டேனா? யார் மேல தப்புன்னு கேட்டேனா? அக்கான்னு ஓடி வந்தேன். நீ எனக்குக் கணக்குப் பாக்கறியா?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. வெளியே வந்து மதில் ஓரமாக நின்று வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலையில் அம்மா வந்தாள். தம்பி ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தான். வந்ததும் அடுப்பிலிருந்த பால் பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். அந்த வீட்டில் அது வணக்கம் சொல்வதற்குச் சமம்.

"ஒத்தப் பிள்ளைடி. வெளிய வரும்போது கெழவனா வரணுமா? உன் வாயில என்ன புண்ணா, மூடி வெச்சுக்க முடியாதா?"

"மூடிக்கிறேன். போம்மா."

உண்மையாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். இதில் அவளைப் பெரிய தியாகியாக நினைக்க வேண்டாம். தம்பி வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். செத்தவன் செத்துவிட்டான், இனி அவனுக்கு நோய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தனக்குத்தானே மூன்று வாரம் சொல்லிக்கொண்டாள். அந்த மூன்று வாரமும் வாய்க்காலை ஐந்து தடவை கழுவினாள்.

விசாரணை நாள் வந்தது. அக்காவே சாட்சியா என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "படம் எடுத்தது மெஷின். மெஷினுக்குத் தம்பி கிடையாது" என்றார் நம்முடையவர். நீதிபதிகூடச் சிரித்தார். அவளைக் கூண்டில் ஏற்றினார்கள்.

வக்கீல் நேராகக் கேள்விக்கு வந்திருந்தால் அவள் ஆமாம் என்று சொல்லி இறங்கியிருப்பாள். பாழாய்ப்போனவருக்கு மேடை கிடைத்த மயக்கம். அறிக்கையைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்து ஆட்டினார்.

"பாருங்க ஐயா, நடமாடற பிணம். என் கட்சிக்காரர் தள்ளவே வேண்டாம், பலமா தும்மியிருந்தாலே செத்திருப்பார். இந்த ரத்தத்தோட ஒரு மனுஷன் மதுக்கூடத்துக்குப் போறதே தற்கொலைதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த லாரிக்காரன் மனைவி எழுந்துவிட்டாள். "அவருக்கு ஒரு சீக்கும் இல்ல! அன்னிக்கு மதியம் நாப்பது மூட்டை தனியா எறக்கினாரு! நான் சோறு போட்டேன்!" என்று அலறினாள். உட்காரச் சொல்லித் தோளைப் பிடித்து அமுக்கினார்கள்.

"பாவம், அவங்களுக்கே தெரியல" என்று வக்கீல் உச்சுக்கொட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. இந்தப் பிஞ்சு அணுக்கள் இறந்தவரோட ரத்தத்துல இருந்ததுதானே?"

கோபம் வந்தால் அந்த வீட்டில் யாருக்கும் கை நிற்காது. அவளுக்கு வாய் நிற்கவில்லை. தும்மலாம், அந்தச் சின்னப் பெண்ணின் நோயை எடுத்துச் செத்தவன் உடம்பில் ஒட்டவைத்துச் சிரிக்கிறான் என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"இல்ல."

"என்னம்மா?"

"இல்லன்னேன். அது அவரோடது இல்ல. அவருக்கு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணோட ரத்தம் ஓடுச்சு, அதோட எச்சில். மூணு தடவ கழுவணும், நான் ஒரு தடவதான் கழுவினேன். எல்லாப் படத்துலயும் நேரம் இருக்கு. வரிசையா வெச்சுப் பாருங்க. மொத அரை நொடியில எல்லாம் வந்துடுச்சு, அப்புறம் ஒண்ணுகூட இல்ல. அந்த ஆளுக்கு நோய் கிடையாது."

தம்பியை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் நாக்கு மடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

வக்கீலின் முகம் மாறியது. இதுவரை அம்மா அம்மா என்றவர் இப்போது அவள்மேல் பாய்ந்தார். "அப்போ உங்களுக்கு வேலை தெரியாது. கழுவக்கூட சோம்பல். இப்படி எத்தன பேர் அறிக்கைய கெடுத்தீங்க?"

"ஒண்ணு. இந்த ஒண்ணுதான். எழுதிக்கோங்க."

அப்போதுதான் கூண்டின் மறுபக்கத்திலிருந்து சத்தம் வந்தது. தம்பி இரண்டு காவலர்களை உதறிவிட்டு அவளை நோக்கி வந்தான். நாற்காலி ஒன்று பறந்து வந்து கூண்டின் மரச்சட்டத்தில் மோதி உடைந்தது. சிம்பு தெறித்து அவள் புருவத்தைக் கிழித்தது. ஐந்து பேர் சேர்ந்து அவனைத் தரையில் அழுத்தினார்கள். கன்னம் தரையில் நசுங்கியபடி அவன் "அக்கா, அக்கா" என்றுதான் கத்திக்கொண்டிருந்தான். திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இயந்திரம் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார்கள். அவர் பத்து லட்சம் படத்தையும் நேர வரிசையில் அடுக்கிப் பார்த்து, அந்தம்மா சொல்வது சரி என்றார். நோய் இல்லை என்று ஆனதும் மதுக்கூடத்துச் சமையல்காரர் ஒருவருக்கும் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. விழுந்தவனை மிதித்ததைப் பார்த்தேன் என்று வந்து சொன்னார். தம்பிக்கு ஒன்பது வருடம். அவளை மருத்துவமனையில் இயந்திரத்திலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் பாட்டில் கழுவப் போட்டார்கள்.

தீர்ப்பு நாளன்று கோர்ட் வாசலில் லாரிக்காரன் மனைவி அவளைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்தாள். "நீ நல்லா இருக்கணும்மா" என்றாள். அக்கா கையை உதறினாள், கொஞ்சம் பலமாகவே.

"உனக்காக சொல்லல. போ. என் மூஞ்சில முழிக்காத."

அந்தப் பெண் பயந்துபோய் விலகினாள். அக்கா இரண்டடி வைப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஆனாலும் அந்தக் கை பழகிய கை. கன்னத்தில், தலையில், தையல் பிரித்து ஆறிவந்த புருவத்தில், முதுகில். செருப்பு அறுந்தது, அறுந்த செருப்பாலும் அடித்தாள். "வித்துட்டியேடி, உன் பொறப்ப வித்துட்டியேடி" என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை சொன்னாள். கூட்டம் கூடிற்று. யாரோ தடுக்க வந்தார்கள். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அம்மாவுக்கு மூச்சு முட்டும்வரை நின்று வாங்கிக்கொண்டாள்.

அடித்து ஓய்ந்ததும் அம்மாவுக்கு நிற்க முடியவில்லை. கூட்டிப்போக வேறு யார் இருக்கிறார்கள்? அக்காதான் கக்கத்தில் கைகொடுத்துப் பேருந்தில் ஏற்றினாள். மறுபடி பிய்ந்த புருவத்திலிருந்து இரத்தம் கசிந்து கொண்டிருந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளுக்கும் இடம் விட்டாள். நாலு நிறுத்தம் போயிற்று.

"அம்மா, நான் பொய் சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?" என்று கடைசியில் அக்காதான் கேட்டாள்.

"ஒத்துக்கிட்டிருப்பேன்."

"அவன் ஒரு தடவதான் தள்ளினான்னு நீ நம்பினியா?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே தன் முந்தானையைச் சுருட்டி அக்காவின் புருவத்தில் வைத்து அழுத்தினாள்.

"நம்பறதாவது! அன்னிக்கு வீட்டுக்கு வந்து பூட்ஸ கழட்டிப் போட்டான். போலீஸ் வர்றதுக்குள்ள அதக் கழுவினது நான்தான்டி. தையலுக்குள்ள எல்லாம் ரத்தம் போயிருந்துச்சு."

அக்கா அம்மாவின் கையைப் பார்த்தாள். அது இன்னும் புருவத்தில்தான் அழுத்திக்கொண்டிருந்தது. இரத்தம் நிற்கும்வரை அம்மா அதை எடுக்கவில்லை.